வேலிக்கும் ஒரு வேலி வேண்டும்

2014-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் தேதி. கேமரன் மலையில் அன்று பெய்த மழை, மாலையில் சேற்று ஆறாக மாறி ஊருக்குள் புகுந்தது. ரிங்லெட், பெர்த்தாம் பள்ளத்தாக்கு, கோலா தெர்லா, கம்போங் ராஜா என்று வழியிலிருந்த ஊர்களெல்லாம் அடிபட்டன. வந்தது தண்ணீர் மட்டுமல்ல. மலைச்சரிவில் காய்கறிக்காக வெட்டித் திறந்த மண்ணும், மரக்கட்டைகளும், செடிகளுக்குக் கூரையாகப் போட்ட பிளாஸ்டிக் தாள்களும் சேர்ந்து வந்தன. உயிர்கள் போயின. வீடுகள் சேற்றில் புதைந்தன. ஏறக்குறைய ஓராண்டுக்கு முன், 2013 அக்டோபரில், சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்ப்பலி வாங்கிய நினைவு அப்போது இன்னும் ஆறவில்லை.

மழையை யாரும் கைது செய்ய முடியாது. ஆனால் மழையைச் சேறாக மாற்றிய கை மனிதனுடையது. அனுமதியின்றி மலையை வெட்டியதே இந்த அழிவுக்குப் பெரிய காரணம் என்று அன்றைய அரசாங்கமே பகிரங்கமாகச் சொன்னது. அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. மலையை வெட்டுவது இரவில் திருட்டுத்தனமாகச் செய்யக்கூடிய காரியமா? மண்வாரி இயந்திரம் சாலை வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். லோரிகள் பட்டப்பகலில் வந்து போக வேண்டும். இத்தனையும் கண்ணில் படாமல் நடக்குமா? பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமல் இருந்தார்கள் என்றால், அதற்கு என்ன விலை?

ஊழல் தடுப்பு அமைப்பு ஒரு நாட்டுக்கு எதற்கு என்பதை விளக்க இதைவிட நல்ல பாடம் கிடையாது. லஞ்சம் என்றால் பணம் கைமாறுவதோடு முடிந்துவிடும் சங்கதி என்றே பலரும் நினைக்கிறார்கள். வாங்குபவருக்கு லாபம், கொடுப்பவருக்குக் காரியம், நடுவில் யாருக்கு நட்டம் என்ற நினைப்பு. நட்டம் யாருக்கு என்பதை மலையடிவாரத்து வீடுகள் சொல்லின.

தேயிலையும் உரிமச் சீட்டும்

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறிப்பெழுதினார். 1929-இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தொடர்ந்து மலையெங்கும் தோட்டங்கள் பரவின. கம்போங் ராஜா பக்கத்தில் புளூ வெலி தோட்டம் எழுந்தது. காட்டைத் திருத்தித் தேயிலை நட்டதில் தமிழகத்திலிருந்து வந்த பாட்டாளிகளின் பங்கு பெரிது. தேயிலைச் செடி ஒருமுறை வேர் பிடித்தால் பல பத்தாண்டுகள் மண்ணைப் பிடித்து நிற்கும். காய்கறி அப்படியல்ல. சில மாதங்களுக்கு ஒருமுறை மண்ணைக் கிளற வேண்டும். குளிர்ப் பிரதேசக் காய்கறிக்கு நாடெங்கும் கிராக்கி கூடக் கூட, மலைச்சரிவுகளின் மதிப்பும் கூடியது.

இங்கேதான் அரசாங்கச் சீட்டு ஒன்று கதைக்குள் வருகிறது. மலேசிய அரசியலமைப்பின்படி நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம், அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்த உரிமம் வழங்க இடம் கொடுக்கிறது. அந்த உரிமம் அந்தந்த ஆண்டின் இறுதிக்குள் முடிந்துவிடும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பிறருக்குக் கைமாற்றவும் முடியாது. கேமரன் மலையின் காய்கறி விவசாயத்தில் பெரும்பகுதி இத்தகைய உரிமங்களை நம்பியே நடந்து வந்திருக்கிறது.

ஒரு விவசாயியின் வாழ்வாதாரம் ஆண்டுதோறும் ஓர் அலுவலகத்தின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? கையெழுத்துக்கு மதிப்பு வந்துவிடும். மதிப்பு வந்த இடத்தில் விலையும் வரும். அதிகாரி எல்லோரும் கெட்டவர் என்பதல்ல பொருள். நல்லவரையும் சோதிக்கும்படி ஏற்பாடு அமைந்திருக்கிறது என்பதே பொருள். ஊழலை ஆராய்ந்தவர்கள் உலகெங்கும் சொல்லும் சூத்திரம் இதுதான்: ஒருவர் கையில் மட்டும் அதிகாரம், அவர் விருப்பப்படி முடிவு, கேட்பாரற்ற நிலை. இந்த மூன்றும் கூடும் இடத்தில் ஊழல் முளைக்கும்.

2014 வெள்ளத்துக்குப் பிறகு நடவடிக்கை வேகம் பிடித்தது. ‘ஓப்ஸ் காடிங்’ என்ற கூட்டு நடவடிக்கையில் சட்டவிரோதத் தோட்டங்கள் அழிக்கப்பட்டன. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையமும் மலையேறியது. அமலாக்கப் பணியில் இருந்தவர்கள் சிலர் லஞ்சக் குற்றச்சாட்டில் பிடிபட்டனர். வரவேற்க வேண்டியதே. ஆனால் ஆணையம் வந்தது சேறு வந்த பிறகு. முன்பே வந்திருக்க முடியாதா? இதற்கு விடை காண, அந்த அமைப்பு பிறந்து வளர்ந்த கதையைப் பார்க்க வேண்டும்.

1967-இல் பிறந்த பிள்ளை

மலாயாவில் லஞ்சத்துக்கு எதிரான சட்டம் 1950-லேயே இருந்தது. 1961-இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஆனால் புலனாய்வு ஒரு துறையிடம், தடுப்பு வேறொரு துறையிடம், வழக்கு இன்னொரு துறையிடம் என்று வேலை சிதறிக் கிடந்தது. அவற்றை ஒன்றாக்கி 1967 அக்டோபர் 1-ஆம் தேதி ஊழல் தடுப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. முதல் தலைவர் ஹருண் ஹாஷிம். பின்னாளில் நீதிபதியாகி, 1988-இல் ஆளும் அம்னோ கட்சியையே சட்டவிரோத அமைப்பு என்று தீர்ப்பளித்தவர் இவர்தான். தொடக்கத்திலேயே நெஞ்சுரம் மிக்க ஒருவர் தலைமை ஏற்றார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1973-இல் நிறுவனம் தேசியப் புலனாய்வுப் பிரிவு என்று பெயர் மாறியது. 1975-இல் சிலாங்கூர் மந்திரி புசார் ஹருண் இட்ரிஸ் மீது வழக்கு தொடுக்கப்பட்டது. மறு ஆண்டு அவருக்குத் தண்டனை கிடைத்தது. ஒரு மாநிலத்தின் தலைவரே கூண்டில் ஏறியது நாட்டை அதிர வைத்தது. ஆனால் அவர் ஊழலுக்காகப் பிடிபட்டாரா, அன்றைய கட்சித் தலைமைக்கு ஆகாதவராகிவிட்டதால் பிடிபட்டாரா என்ற விவாதமும் அன்றே எழுந்தது. இந்த இரட்டைக் கேள்வி அந்த அமைப்பைப் பிறகு விட்டுப் பிரியவே இல்லை.

1982-இல் பழைய பெயர் திரும்பியது. 2009 ஜனவரி 1-இல் புதிய சட்டத்தின் கீழ் அது மலேசிய ஊழல் தடுப்பு ஆணையமாக உயர்ந்தது. மேற்பார்வைக்கு ஐந்து குழுக்கள் அமைக்கப்பட்டன. லஞ்சக் குற்றத்துக்கு 20 ஆண்டுகள் வரை சிறையும், லஞ்சத் தொகையைப் போல் ஐந்து மடங்கு அபராதமும் விதிக்கச் சட்டம் வழி செய்தது. பற்கள் கூர்மையாயின. ஆனால் கயிறு? ஆணையத்தின் தலைவரைப் பிரதமரின் ஆலோசனைப்படியே மாமன்னர் நியமிக்கிறார். குற்றம் சாட்டுவதற்கு அரசுத் தரப்பு வழக்கறிஞரின் ஒப்புதல் வேண்டும். அந்தப் பொறுப்பை வகித்து வந்த சட்டத்துறைத் தலைவரும் பிரதமரின் ஆலோசனைப்படி நியமனம் பெற்றவரே. ஆக, கடிக்கும் பல் ஆணையத்திடம் இருந்தது. கயிறோ ஆட்சியின் கையில் இருந்தது.

கூண்டுக்கிளிகளின் நாடு

இந்தச் சிக்கல் மலேசியாவுக்கு மட்டும் உரியதல்ல. சுதந்திரத்துக்குப் பின் ஜனநாயகத்தைக் கட்டிக்கொண்டிருந்த எல்லா நாடுகளும் இதே இடத்தில் தடுக்கி விழுந்தன.

1962-இல் இந்தியாவின் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, தஞ்சை மண்ணைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையில் ஊழல் தடுப்புக் குழு அமைத்தார். அதன் பரிந்துரையால் 1964-இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. அதே ஆண்டு தமிழகத்தில் லஞ்ச ஒழிப்பு மற்றும் கண்காணிப்புத் துறையும் தோன்றியது. ஆனால் மாநிலத் துறை மாநில அரசின் கீழ். ஆட்சி மாறினால் வழக்கின் நிறமும் மாறும் அபாயம் அதில் இருந்தது.

ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கே இதற்குச் சாட்சி. 1996-இல் தி.மு.க. ஆட்சியில் அந்தத் துறை வழக்குப் பதிந்தது. 2001-இல் அ.தி.மு.க. ஆட்சிக்குத் திரும்பியதும், ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேர் மறுபடி அழைக்கப்பட்டனர். பெரும்பாலோர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். தி.மு.க.வின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 2003 நவம்பரில் வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டது. 2014-இல் தண்டனை, 2015-இல் விடுதலை, 2017-இல் மறுபடியும் குற்றம் உறுதி. அதற்குள் ஜெயலலிதா மறைந்துவிட்டதால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது. பதிவிலிருந்து முடிவு வரை இருபது ஆண்டுகளுக்கு மேல்! 2013-இல் இந்திய உச்ச நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையைக் கூண்டுக்கிளி என்று வர்ணித்தது வெறும் கோபத்தில் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

கூண்டை உடைத்த ஊரும் உண்டு. 1973-இல் ஹாங்காங்கில் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி, சொத்து விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே இங்கிலாந்துக்குப் பறந்துவிட்டார். மாணவர்களும் பொதுமக்களும் தெருவில் இறங்கினார்கள். போலீஸின் ஊழலைப் போலீஸே விசாரித்தால் இப்படித்தான் முடியும் என்பது எல்லோருக்கும் புரிந்தது. 1974 பிப்ரவரியில், போலீஸிலிருந்து முழுக்கப் பிரிந்து, ஆளுநருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆணையம் பிறந்தது. காட்பர் திரும்பக் கொண்டுவரப்பட்டுச் சிறை சென்றார். அந்த ஆணையம் மூன்று வேலைகளைச் சமமாகச் செய்தது: குற்றவாளியைப் பிடித்தல், அலுவலக நடைமுறையில் ஓட்டையை அடைத்தல், மக்களிடம் சென்று நம்பிக்கை வளர்த்தல். இரண்டாவதும் மூன்றாவதும் இல்லாமல் முதலாவது நிற்காது என்பது ஹாங்காங் கற்றுத் தந்த பாடம்.

2015: காவலனுக்கு வந்த சோதனை

மலேசியாவில் கயிறு எவ்வளவு இறுக்கமானது என்பது 2015-இல் தெரிந்தது. 1எம்டிபி விவகாரத்தில், அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கின் வங்கிக் கணக்குக்கு வந்த பணத்தைப் பற்றிய விசாரணை நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டேல் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஆகஸ்டில் ஆணையத்தின் இரு இயக்குநர்களுக்குத் திடீர் இடமாற்ற உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் அது ரத்தானது. 2016 ஜனவரியில் புதிய சட்டத்துறைத் தலைவர், பிரதமர் குற்றம் ஏதும் செய்யவில்லை என்று அறிவித்தார். கோப்பு மூடப்பட்டது.

2018 மே 9-ஆம் தேதித் தேர்தலில் ஆட்சி மாறியது. ஆணையத்தின் புதிய தலைவராக வந்த முகமட் சுக்ரி அப்துல், பத்திரிகையாளர்கள் முன் அந்த நாட்களை விவரித்தார். தமக்கு வந்த மிரட்டல்களையும், வீட்டுக்கு வந்த துப்பாக்கித் தோட்டாவையும் பற்றிச் சொல்லும்போது அவர் கண்கலங்கியதை நாடே பார்த்தது. நாட்டின் ஊழலைத் தேடிப் பிடிக்க வேண்டியவருக்கே இந்தக் கதி என்றால், மலை மேலே காய்கறித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர் எந்தத் துணிவில் புகார் கொடுப்பார்?

மூடிய கோப்பு மறுபடி திறந்தது. எஸ்.ஆர்.சி. நிறுவனத்தின் 4 கோடியே 20 லட்சம் வெள்ளி தொடர்பான வழக்கில் 2020 ஜூலையில் நஜிப் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்ய, அவர் சிறை சென்றார். 12 ஆண்டுத் தண்டனை 2024-இல் மன்னிப்பு வாரியத்தால் பாதியாகக் குறைக்கப்பட்டதும் வரலாறு. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சட்டம் மாறவில்லை, சான்று மாறவில்லை, அதிகாரிகளில் பலரும் பழையவர்களே. மாறியது ஆட்சி மட்டுமே. ஆட்சி மாறினால்தான் நீதி நகரும் என்றால், அந்த நீதிக்கு இன்னும் சொந்தக் கால் முளைக்கவில்லை என்றுதானே பொருள்?

காவலன் அத்துமீறினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கக் கூடாது. 2009 ஜூலை 16-இல் தியோ பெங் ஹோக் என்ற 30 வயது அரசியல் உதவியாளர், சாட்சியாக விசாரிக்கப்பட்ட ஆணைய அலுவலகம் இருந்த கட்டடத்தில் விழுந்து இறந்து கிடந்தார். 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அடையாளம் தெரியாத நபர்களின் சட்டவிரோதச் செயலே அந்த மரணத்துக்குக் காரணம், அல்லது அதைத் துரிதப்படுத்தியது என்று கூறியது. விசாரணை அதிகாரிகளையும் அது விலக்கவில்லை. ஊழல் தடுப்பு அமைப்புக்குப் பல் வேண்டும். ஆனால் அந்தப் பல் யார் மேல் படுகிறது என்று பார்க்க வேறொரு கண்ணும் வேண்டும்.

முப்பது வெள்ளியின் விலை

ஆட்சி மாறிய அதே 2018 தேர்தலில், கேமரன் மலையில் இன்னொரு கதை நடந்தது. நாடாளுமன்றத் தொகுதியில் தேசிய முன்னணியின் ம.இ.கா. வேட்பாளர் 10,307 வாக்குகள் பெற்றார். ஜனநாயகச் செயல் கட்சியின் மு. மனோகரன் 9,710 வாக்குகள் பெற்றார். வித்தியாசம் 597. தோற்றவர் தேர்தல் நீதிமன்றத்துக்குப் போனார். ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்கு 30 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளி வரை பணம் கொடுக்கப்பட்டது என்பதை 2018 நவம்பர் 30-இல் நீதிமன்றம் ஏற்று, அந்த வெற்றியைச் செல்லாது என அறிவித்தது. 2019 ஜனவரி 26-இல் இடைத்தேர்தல். அதிலும் தேசிய முன்னணியே வென்றது. 12,038 வாக்குகள் பெற்ற ரம்லி முகமட் நோர், மக்களவையில் அமர்ந்த முதல் ஓராங் அஸ்லி உறுப்பினரானார்.

வாக்குக்குப் பணம் வாங்கிய பூர்வகுடி மக்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்களுடைய பரம்பரை நிலத்துக்கே முறையான பட்டா கிடைக்காத நிலையில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் முப்பது வெள்ளிதான் அரசாங்கத்திடமிருந்து கைக்கு எட்டும் பலன் என்று அவர்கள் நினைத்தால் வியப்பென்ன? வாக்கு விலை போனால் மலை விலை போகும். மலை விலை போனால் ஆறு சேறாகும். சேறு முதலில் புகுவதும் அந்த ஏழைகளின் குடிசையில்தான்.

இன்னொரு பாடமும் இதில் உண்டு. வெற்றியைக் கவிழ்த்த வழக்கு ஓர் அரசாங்க அமைப்பு தொடுத்ததல்ல. தோற்ற வேட்பாளர் தொடுத்த மனு. அவருக்கு வழக்கறிஞர் இருந்தார், கட்சி இருந்தது. இவை எதுவும் இல்லாத சாமானியருக்கு யார் மனு போடுவார்கள்? அந்த வெற்றிடத்தை நிரப்பத்தானே ஊழல் தடுப்பு ஆணையம்?

தோட்ட மக்களின் மௌனத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். கங்காணி, கிராணி, துரை என்று படிப்படியாக மேலே பார்த்துத் தலைகுனிந்து பழகிய வாழ்க்கையில், மேலிடத்தின் மீது புகார் என்பது நினைத்துப் பார்க்கக்கூடிய சங்கதியாக இருந்ததில்லை. தோட்டத் துரைகள் போய்விட்டார்கள். ஆனால் “நமக்கெதற்கு வம்பு” என்ற வார்த்தை மட்டும் போகவில்லை.

நாகப்பன் சொன்னது

உள்ளூர் நிர்வாகத்தைக் கேள்வி கேட்க மக்களுக்கு ஒரு வழி முன்பு இருந்தது. அது ஊராட்சித் தேர்தல். 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி அது நிறுத்தப்பட்டது. அதை ஆராய அமைந்த அரச ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் ஒரு தமிழர்: ம.இ.கா.வைச் சேர்ந்த செனட்டர் அத்தி நாகப்பன். 1968-இல் அவர் குழு தந்த அறிக்கை, ஊராட்சித் தேர்தல் திரும்ப வேண்டும் என்றது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது. கேமரன் மலை மாவட்ட மன்றமும் அந்த முறையில்தான் அமைகிறது. மலையை வெட்ட விட்டவரை அடுத்த தேர்தலில் மக்கள் வீட்டுக்கு அனுப்பும் வாய்ப்பு அன்றோடு போயிற்று. பிறகு எல்லாப் பாரமும் தொலைதூரத்து ஆணையத்தின் தோளில் விழுந்தது.

வரலாறு சொல்லும் முடிவு தெளிவானது. ஊழல் தடுப்பு அமைப்பு என்பது வேலி. அந்த வேலியே சாயாமல் நிற்க மூன்று முட்டுகள் வேண்டும். தலைவரின் நியமனம் ஒரு பிரதமரின் கையை விட்டு நாடாளுமன்றத்தின் கைக்குப் போக வேண்டும். ஆண்டுதோறும் கையெழுத்துக்குக் காத்திருக்கும் உரிம முறை போன்ற ஓட்டைகள், வெள்ளம் வருமுன் அடைபட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புகார் கொடுப்பவரின் வேலையும் வீடும் பத்திரமாக இருக்க வேண்டும்.

மூன்றில் கடைசியானதே கடினமானது. தலைநகரில் ஒரு பெரிய மனிதர் சிறை போனதைக் கேட்டு மக்கள் கைதட்டலாம். ஆனால் கம்போங் ராஜாவில், அனுமதியில்லாத மண்வாரி இயந்திரம் ஒன்று மலையேறுவதைப் பார்க்கும் ஒரு தோட்டத் தொழிலாளி, அஞ்சாமல் தொலைபேசியை எடுக்கும் நாள் வர வேண்டும். அன்று அந்த அழைப்பை எடுக்க ஒருவர் இருந்து, மழைக்கு முன்பே மலையேறி வந்தால்தான், 1967-இல் தொடங்கிய கதைக்கு அர்த்தம் உண்டு.